இல்லாத பிரேக்

பெரியம்மாவின் வலது கால் எப்போதும் எதையாவது மிதித்துக்கொண்டிருக்கும். சாப்பாட்டு மேசைக்கு அடியில், டாக்டர் அறைக்கு வெளியே காத்திருக்கும்போது, பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போது. தொலைக்காட்சியில் யாராவது பார்க்காமல் சாலையைக் கடந்தால் இங்கே தரையில் பாதம் அழுந்தும். பேச்சு ஏடாகூடமாகப் போனாலும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் நடுவில் பெரியப்பா பழைய சொத்துத் தகராறை எடுத்தால் அந்தக் கால் மெல்ல இறங்கும். அவரும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு, "பிரேக் போட்டுட்டா" என்று எங்களைப் பார்த்துக் கண்ணடிப்பார். அவள் வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கு முன்னால் தரைவிரிப்பு ஒரே ஓர் இடத்தில் நூல் தெரியத் தேய்ந்திருந்தது.

அவள் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவள். இருபது வருடங்களுக்கு மேல் ஒரே டிரைவிங் ஸ்கூலில், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக் கார்களில் அந்த இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். கற்றுக்கொள்ள வந்தவர் பதறினாலும், வேடிக்கை பார்த்தாலும், ஆக்ஸிலேட்டரைப் பிரேக் என்று நினைத்து மிதித்தாலும், வண்டி நிற்கவேண்டிய இடத்தில் நின்றுவிடும். அவள் கத்தமாட்டாள். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு ரப்பர் வளையத்தை ஒட்டி, அதற்குள் டம்ளரை நிறுத்தி, விளிம்புக்குக் கொஞ்சம் கீழே வரை தண்ணீர் ஊற்றி வைத்திருப்பாள். அது சிந்தாமல் ஓட்டினால் அன்றைய பாடம் முடிந்தது. "உன் மேல கொட்டினா உன் துணி. என் மேல கொட்டினா இன்னொரு நாள் ஃபீஸ்" என்பதுதான் முதல் நாள் அறிவுரை.

தன்னிடம் படித்த ஒருவரும் எங்கேயும் இடித்ததில்லை என்று அவள் சொல்லிக்கொள்வாள். உன் கால் எங்கேயும் இடித்ததில்லை என்று சொல் என்பார் பெரியப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். நகரத்தின் உயரமான கட்டடங்களில் பாதியை அவருக்கு உள்ளிருந்து தெரியும். கார் மட்டும் ஓட்டத் தெரியாது. மேலேயும் கீழேயும் போகத் தெரிந்தவனுக்கு முன்னேயும் பின்னேயும் எதற்கு என்பது அவர் வாதம்.

அவர்களுக்கு ஒரே மகன். எனக்கு அண்ணன் முறை. அவனுக்குப் புயல் என்று பெயர் வைத்தவர் பெரியப்பாதான். மாலையில் வீடு வந்ததும், "புயல் கரையைக் கடந்துடுச்சா?" என்று விசாரிப்பார். அவனும் அதே பள்ளியில், அதே காரில், அம்மா பக்கத்தில் இருக்கத்தான் ஓட்டிப் பழகினான். வில்லங்கம் அங்கேதான் இருந்தது. மற்றவர்களுக்கு ஒரு மாதம் சொல்லிக்கொடுத்தவள் மகனை ஒரு வருடம் ஓட்டவைத்தாள். அந்த ஒரு வருடமும் அவன் மிதிக்கும் முன்பே அவள் மிதித்தாள். ஸ்டியரிங்கை அழகாகத் திருப்புவான், கண்ணாடி பார்ப்பான், சந்துக்குள் பின்னால் எடுப்பான். நிறுத்துவது மட்டும் வேறு யாரோ பார்த்துக்கொள்ளும் வேலை என்று அவன் கால் நினைத்துக்கொண்டது. லைசென்ஸ் கிடைத்துத் தனியாக ஓட்டத் தொடங்கியபோது பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

அவன் ஒரு பெரிய ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலை பார்த்தான். நகரமெங்கும் உள்ள சிறிய கிளினிக்குகளில் சேரும் ரத்தக் குழாய்களை ஐஸ் பெட்டியில் வாங்கிவந்து கூடத்தில் சேர்க்கவேண்டும். சொந்தக் கார் இருந்தால்தான் அந்த வேலை. இதற்கு முன் இரண்டு வேலைகளில் நிலைக்காதவனுக்கு இது பிடித்துப்போயிருந்தது. முதல் வருடமே சந்தைத் தெருவில் நின்றிருந்த வண்டியின் பக்கவாட்டைச் சீவினான். அடுத்த வருடம் ரவுண்டானாவில் விளக்குக் கம்பத்தில் முட்டினான். இரண்டிலும் யாருக்கும் அடியில்லை. ஆனால் இன்சூரன்ஸைப் புதுப்பிக்கப் போனபோது கம்பெனி சொன்ன பிரீமியம், காரின் விலையில் பாதி இருந்தது.

மற்ற கம்பெனிகளைக் கேட்டார்கள். சில கம்பெனிகள் வேண்டவே வேண்டாம் என்றன. வயது ஒரு காரணம், இரண்டு விபத்து இன்னொரு காரணம், வேலைக்காக நாள் முழுக்க ஓட்டுவது மற்றொன்று. எங்கள் தெருவும் ஒரு காரணமாம். இந்தப் பகுதியில் இடிபடும் வண்டிகள் அதிகம் என்பதால் இங்கே குடியிருப்பதற்கே தனியாகக் கூட்டி வாங்கினார்கள்.

"வாடகை கம்மின்னு இங்க வந்தோம். மிச்சம் பிடிச்சதை இன்சூரன்ஸ்காரன் வாங்கிக்கிறான்" என்றார் பெரியப்பா. "ரெண்டு வருஷம் கட்டினா இன்னொரு காரே வாங்கிடலாம். நம்ம புயல் அதையும் இடிக்கலாம்."

கடைசியில் ஒரு கம்பெனி வழி சொன்னது. காருக்குள் ஒரு பெட்டி பொருத்துவார்கள். வேகம், திருப்பம், பிரேக் எல்லாவற்றையும் அது கவனிக்கும். மூன்று மாதம் ஒழுங்காக ஓட்டினால் ஆபத்தான ஓட்டுநர் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டுச் சாதாரணக் கட்டணத்துக்கு மாற்றுவார்கள். திடீர் பிரேக் அளவுக்கு மேல் போனால் பாலிசி ரத்து. பாலிசி இல்லாமல் வண்டி எடுக்க முடியாது. வண்டி இல்லாமல் வேலை இல்லை. அவன் உடனே கையெழுத்துப் போட்டான்.

பெட்டி சோப்பு அளவுதான் இருந்தது. ஸ்டியரிங்குக்குக் கீழே பொருத்தினார்கள். உள்ளே ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. வண்டி திடுமென நின்றால் அவனுடைய ஃபோனில் மணி அடித்தது. முதல் வாரத்திலேயே அது பலமுறை அடித்ததால் பெரியம்மா தன் பெயரையும் பாலிசியில் சேர்க்கச் சொன்னாள். மதியச் சுற்று நீளமானது, நெரிசலானது. அதை அவள் ஓட்டுவது என்று முடிவானது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, கிளினிக் வந்ததும் இறங்கி ஓடி, ஐஸ் பெட்டியோடு திரும்புவான். பழைய டம்ளரைத் தேடி எடுத்து, முன்கண்ணாடிக்குக் கீழே ரப்பர் வளையத்தை ஒட்டினாள். அதன்பிறகு ஒரு வாரம் மணி அடிக்கவில்லை.

அடுத்த வாரம் தண்ணீர் சிந்தியது.

நகரத்தின் வடக்கே நீரேற்று நிலையம் ஒன்று உண்டு. அதன் சுவர் சாலையோரமாக நீளமாகப் போகும். வளைவு இல்லை, மேடு இல்லை, சிக்னல் இல்லை. சுவரில் ஒரேயொரு சின்ன இரும்புக் கதவு. நல்ல வெயிலில், காலியான சாலையில், அவள் ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தாள். கதவு வந்ததும் டம்ளரிலிருந்த தண்ணீர் எழும்பி முன்கண்ணாடியில் போய் அறைந்தது. கார் அதே வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்போதே ஃபோனில் மணி அடித்தது.

"என்னம்மா பண்ண?"

"ஒண்ணும் பண்ணல."

"சடன் பிரேக்னு காட்டுது."

"பிரேக் பக்கம் காலே போகலடா."

அன்று சாப்பிடும்போது இதைச் சொன்னார்கள். சென்சார் ஆடியிருக்கும் என்றார் பெரியப்பா. எந்த எந்திரம் எதைச் செய்தாலும் அதற்குக் கயிறோ சென்சாரோ காரணமாக இருக்கும் என்பது அவர் தொழிலில் கண்டது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு ஸ்டியரிங்குக்கு அடியில் படுத்து, பெட்டியின் திருகுகளை இறுக்கிவிட்டு வந்தார். சென்சார் சரி, தண்ணீர் ஏன் எழும்பியது என்று பெரியம்மா கேட்டாள். அதற்கும் திருகு இருந்தால் இறுக்கியிருப்பேன் என்றார்.

இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் மறுபடியும் சிந்தியது. மறுபடியும் மணி அடித்தது.

சாலையில் பள்ளம் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்றாள் பெரியம்மா. நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருந்தேன், வீட்டிலிருந்தே வேலை. துணைக்குப் போனேன். பஸ்ஸில் போய் இறங்கினோம். உச்சி வெயிலில் எங்கள் நிழல் காலடியிலேயே கிடந்தது. சாலை இஸ்திரி போட்டதுபோல் இருந்தது. இரும்புக் கதவு சாத்தியிருந்தது. சுவருக்குள்ளே மோட்டார்கள் ஓடும் ஓசை, காதில் கேட்பதற்கு முன்பே செருப்பு வழியாகக் காலுக்குத் தெரிந்தது. பெரியம்மா கதவுக்கு நேரே சாலையோரத்தில் நின்றாள். அவளுடைய வலது கால் தாரை மெல்ல அழுத்திக்கொண்டிருந்தது. அவளுக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"இங்க யாரோ நிக்கற மாதிரி இல்ல?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். உண்மையில் அங்கே எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

கம்பெனிக்கு ஃபோன் செய்தோம். பேசிய பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். பெட்டி அனுப்புவதைத்தான் தாங்கள் பார்க்கமுடியும், அந்த இடத்தில் வண்டி முழுவதுமாக நின்றிருக்கிறது என்று பெட்டி சொல்கிறது என்றாள். நிற்கவே இல்லை என்று பெரியம்மா சொன்னதும், நின்ற ஞாபகம் பலருக்கு இருப்பதில்லை என்று ஆறுதலாகச் சொன்னாள். பெட்டியை மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். புதுப் பெட்டி வந்தது. அதே இடத்தில் புதுப் பெட்டியும் மணி அடித்தது.

பாதையை மாற்றிப் பார்த்தார்கள். மற்றொரு சாலையில் ரயில்வே கேட் இருந்தது. கேட் திறக்கக் காத்திருந்ததில் ஐஸ் உருகி, கூடத்தில் அன்றைய குழாய்களை வாங்க மறுத்தார்கள். யார் யாரோ மறுநாள் இன்னொரு முறை ரத்தம் கொடுக்கவேண்டியதாயிற்று. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். ஆகவே மறுபடியும் சுவர்ச் சாலை. தினமும் சிந்தாது. சில நாள் தண்ணீர் அசையாமல் கடந்துவிடும். அன்றெல்லாம் கதவைத் தாண்டிய பிறகுதான் மூச்சு விடுவதாகப் பெரியம்மா சொன்னாள். ஆனால் அங்கே மட்டும் விழுந்த மணிகளே மொத்தக் கணக்கைக் கிட்டத்தட்ட நிரப்பிவிட்டன. மூன்றாவது மாதம் முடியச் சில நாள் இருக்கும்போது, இன்னும் ஒரே ஒரு திடீர் பிரேக்தான் பாக்கி இருந்தது. அதுவும் விழுந்தால் பாலிசி போய்விடும்.

இதற்கிடையில் புயல் ஒரு வித்தை கற்றுக்கொண்டிருந்தான். காலைச் சுற்றையும் மாலைச் சுற்றையும் அவன்தான் ஓட்டினான். தூரத்தில் சிவப்பு விளக்கைக் கண்டதும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு வண்டியை அதன் போக்கில் உருளவிடுவான். குறுக்கே யாராவது வந்தால் மெல்ல ஒதுங்கி வளைந்து போய்விடுவான். மாடி ஜன்னலிலிருந்து பார்ப்பேன். தெருமுனையில் ஆட்கள் விலகுவார்கள், கார் அவர்களுக்கு நடுவே சத்தமில்லாமல் நழுவிவரும். முன்பெல்லாம் சத்தம்போட்டுக்கொண்டு வருவான். இப்போதுதான் பார்க்க பயமாக இருந்தது.

"பிரேக்கே தொடாம இந்த ஊர ஒரு சுத்து சுத்திட்டு வருவேன், தெரியுமா?" என்று என்னிடம் பெருமையடித்தான்.

பெரியம்மா அப்போது துணி மடித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்ததை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீ ரோட்டப் பார்த்து ஓட்டுறியா, பெட்டியப் பார்த்து ஓட்டுறியா?"

"ரெண்டையும்தான்."

"குறுக்க ஆள் வந்தா?"

"ஒதுங்குவேன்."

"ஒதுங்க இடமில்லன்னா?"

அவன் ஃபோனை எடுத்துத் தேதியைப் பார்த்தான். பிறகு, "அம்மா, இன்னும் நாலு நாள்தான். அதுவரைக்கும் யாரும் குறுக்க வராம இருந்தா போதும்" என்றான்.

அவள் கால் தரைவிரிப்பின் தேய்ந்த இடத்துக்குப் போனது. அவன் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போனான்.

அந்த நாலு நாளில் ஒரு நாள் பெரியம்மாவுக்குக் கண் டாக்டரிடம் முறை இருந்தது. தள்ளிப்போடலாம் என்று நினைத்தாள். பல வாரம் காத்திருந்து கிடைத்த முறை என்பதால் பெரியப்பா விடவில்லை. நான் கூடப் போனேன். சொட்டு மருந்து விட்டுக் கண்பாப்பாவை விரித்துப் பார்த்தார்கள். சாயங்காலம்வரை எல்லாம் மங்கலாகத்தான் தெரியும், வெளிச்சம் கூசும் என்று சொல்லிக் கறுப்புக் கண்ணாடி கொடுத்து அனுப்பினார்கள். மதியச் சுற்றுக்கு நடுவில் புயல் எங்களை அங்கிருந்து ஏற்றிக்கொண்டான். வேறு வழியில்லாமல் அவன் ஓட்டினான். பெரியம்மா பக்கத்தில். நான் பின்னால், ஐஸ் பெட்டியோடு.

அவள் தடவிப் பார்த்து டம்ளரை வளையத்துக்குள் நிறுத்தி, பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றினாள்.

"கண்ணே தெரியல, இப்ப எதுக்கு இது?"

"எனக்குத் தெரியலன்னா என்ன, உனக்குத் தெரியும்ல. ஓட்டு."

நன்றாகவே ஓட்டினான். சுவர்ச் சாலையில் திரும்பினோம். எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் சுவர். நான் இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் கதவு திறந்ததை முதலில் பார்க்கவில்லை. நிமிர்ந்தபோது கதவிலிருந்து ஓர் ஏணியின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஏணி வளர்ந்துகொண்டே வந்தது. அதைத் தோளில் வைத்திருந்த ஆள் பின்பக்கத்தைத் திரும்பிப் பார்த்தபடி அடுத்த அடியைச் சாலையில் வைத்தார்.

புயல் பார்த்துவிட்டான். கண்ணாடியில் அவன் முகம் எனக்குத் தெரிந்தது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். ஸ்டியரிங்கைத் திருப்பப் போனான்; பஸ் வந்துவிட்டது. கையை நிறுத்தினான். அதற்கு மேல் அவன் எதுவும் செய்யவில்லை. பக்கத்தில் யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்பதுபோல் சும்மா இருந்தான்.

பெரியம்மா கறுப்புக் கண்ணாடியோடு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளால் எதையும் பார்த்திருக்க முடியாது. அவளுடைய வலது முழங்கால் மட்டும் மெதுவாக நீண்டது. பாதம் தரையை அழுத்தியது.

கார் நின்றிருந்தது.

நின்றது என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. நிற்கும்போது ஓர் உலுக்கல் இருக்கும், உடம்பு முன்னால் போகும், பெட்டி சரியும். எனக்கு எதுவும் நேரவில்லை. ஐஸ் பெட்டியின் மூடி அசையவில்லை. முன்கண்ணாடிக்கு ஒரு சாண் தள்ளி ஏணியின் முனை இருந்தது. டம்ளரில் தண்ணீர் ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தது. அதற்குள் வானம் தெரிந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஃபோனில் மணி அடிக்கவில்லை.

ஏணிக்காரர் திரும்பினார். பயந்தவராகத் தெரியவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தார். ஜன்னல் பக்கம் வந்து குனிந்தார்.

"ஏங்க, இடமா இல்ல? தினமும் மத்தியானம் கதவுக்கு நேரா கொண்டாந்து நிறுத்திடறீங்க. உள்ள இருந்து பார்த்துட்டு, நீங்க கிளம்பட்டும்னு நான் எத்தன நாள் காத்துக்கிட்டு இருக்கறது? இன்னிக்கு ஆனது ஆகட்டும்னு வந்துட்டேன்."

அவர் பெரியம்மாவைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "உடம்புக்கு முடியலையாம்மா? எப்பவும் தனியா உக்காந்திருக்கீங்களேன்னு பார்ப்பேன்" என்றார். பிறகு ஏணியை நிமிர்த்திக்கொண்டு எங்களுக்கு முன்னால் சாலையைக் கடந்துபோனார்.

"நான் மிதிக்கலம்மா" என்றான் புயல்.

"தெரியும்."

"நீதான் மிதிச்ச."

"இங்க பிரேக் இல்லடா."

கூடத்தில் ஐஸ் பெட்டியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வந்ததும் அவள் முன்னிருக்கையின் காலடி விரிப்பைத் தூக்கி, கையால் தடவிப் பார்த்தாள். கண் இன்னும் தெளியவில்லை என்பதால் என்னையும் பார்க்கச் சொன்னாள். விரிப்புக்கு அடியில் கம்பளமும் அதற்கு அடியில் தகடும்தான் இருந்தன. பெரியப்பா வந்து அதே இடத்தில் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். கயிற்றையோ சென்சாரையோ பற்றி அவர் எதுவும் சொல்லாதது அன்றுதான்.

மீதி நாட்களிலும் மணி அடிக்கவில்லை. கம்பெனியிலிருந்து அந்த மரியாதையான பெண் பேசி வாழ்த்துச் சொன்னாள். புயலின் பெயரை ஆபத்தான ஓட்டுநர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள், இனிச் சாதாரணக் கட்டணம், சீக்கிரம் ஆள் வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போவார் என்றாள். பல வாரங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டே சாப்பிட்டோம். ஏணிக்காரர் கண்ட கனவு, மூடிய கதவின் இடுக்கில் யாரை எதுவாகப் பார்த்தாரோ என்றெல்லாம் பேசினோம். புயல் மட்டும் கேட்டான்: அவ்வளவு வேகத்தில் வந்த வண்டி நின்றதே, அந்த உலுக்கல் எங்கே போனது?

பெரியப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அதத்தான் தெனம் கொஞ்சம் கொஞ்சமா கட்டிட்டீங்களே. இன்சூரன்ஸ்னா அதானே. நடக்கறதுக்கு முன்னாடியே கட்டறது."

வேடிக்கையாகத்தான் தொடங்கினார். சொல்லி முடித்தபோது யாரும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு சுவர்ச் சாலையில் தண்ணீர் சிந்தவில்லை. பெரியம்மா அந்த இடத்தைப் பலமுறை கடந்து பார்த்தாள். புயலும் மாறிவிட்டான். இப்போது கொஞ்சம் அதிகமாகவே பிரேக் போட்டான். முட்டுச்சந்தில் கோழி குறுக்கே வந்தாலும் நின்று வழிவிட்டான். மதியச் சுற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். பெட்டியைக் கழற்ற ஆள் வரும் நாளும் குறித்தாயிற்று.

அதற்கு முந்தின நாள் பெரியம்மா கடைசியாக ஒருமுறை மதியச் சுற்றை ஓட்டினாள். திரும்பி வந்து எங்கள் தெருவுக்குள் நுழைந்தாள். எங்கள் வீட்டு கேட்டுக்கு நேரே வரும்போது டம்ளரிலிருந்து தண்ணீர் எழும்பி முன்கண்ணாடியில் அறைந்தது. ஃபோனில் மணி அடித்தது.

அவள் வண்டியை உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு புயலிடம் அந்த மரியாதையான பெண்ணைக் கூப்பிடச் சொல்லி, ஃபோனை வாங்கினாள். பெட்டியைக் கழற்றவேண்டாம் என்றாள். அந்தப் பக்கம் அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. எல்லோரும் எப்போது கழற்றுவீர்கள் என்றுதான் கேட்பார்கள். பெட்டி இருந்தால் சோதனைக் காலம் தொடரும், இனி மணி அடித்தாலும் பாலிசி ரத்தாகாது, ஆனால் பழைய கட்டணமே வரும், இதுவரை பட்ட பாடெல்லாம் வீண் என்று பொறுமையாக விளக்கினாள். ஸ்பீக்கரில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தோம். புயல் பெரியப்பாவைப் பார்த்தான். பெரியப்பா தலையாட்டினார்.

"பரவால்லம்மா, கட்டிடறோம்" என்றாள் பெரியம்மா. "பெட்டி இருக்கட்டும்."

இப்போது தினமும் மதியம் அவள் காரை வெளியே எடுக்கிறாள். தெருமுனைவரை போய்த் திரும்பி, கேட்டைக் கடந்து மறுமுனைவரை போய், மறுபடியும் திரும்பி வருகிறாள். தண்ணீர் சிந்தினால் அன்றைக்கு நிறுத்திக்கொள்கிறாள். சிந்தாவிட்டால் இன்னொரு சுற்று. எதிர்வீட்டில் கேட்கிறார்கள்; கார் ஓட்டும் பழக்கம் விட்டுப்போகக் கூடாது அல்லவா என்று பெரியப்பா சமாளிக்கிறார். புயல் மறுபேச்சுப் பேசாமல் பாதிச் சம்பளத்தைக் கொடுக்கிறான். முன்புபோல் யாரும் கேட்டைத் திறந்துகொண்டு விறுவிறுவென்று வெளியே போவதில்லை. முதலில் கையை நீட்டி, பிறகு தலையை நீட்டி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் காலை வைக்கிறோம். குறுக்கே வரப்போவது யார் என்று தெரிந்தால் அவர் மட்டும் கவனமாக இருக்கலாம்.

போன வாரம் பெரியம்மாவும் புயலும் காரில் கூடத்துக்குப் போயிருந்தார்கள். அவனுக்கு அங்கே சம்பளத்தில் ஏதோ பேசவேண்டியிருந்தது. மத்தியானம் நான் வெளியே கிளம்ப எழுந்து, ஜன்னலைச் சாத்தப் போனேன். கீழே தெருவில், கேட்டுக்கு நேரே, எங்கள் கார் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுபவர் இருக்கை காலி. பக்கத்து இருக்கையில் பெரியம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அவர்கள் வந்துவிட்டார்கள் என்று நினைத்துத்தான் படி இறங்கினேன். கேட்டை அடைந்து, தாழ்ப்பாளில் கை வைத்தேன். அப்போது பையில் ஃபோன் அடித்தது. பெரியம்மா. பரிசோதனைக் கூடத்திலிருந்து பேசினாள், திரும்ப நேரமாகும், கொடியில் காயும் துணியை எடுத்துவைக்க முடியுமா என்றாள். சரி என்றேன். கேட்டின் இடுக்கில் பார்த்தேன், கார் இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டு, அது அந்தப் பக்கம் கிளம்பிப் போகட்டும் என்று காத்திருந்தேன்.